அலமாரியைச் சுவர் தாங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய சமையலறைக்கு அலமாரி யோசனைகள் நிறைய வருகின்றன. அதைத் தாங்கும் சுவரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. மூன்றடிப் பலகையில் பருப்பு, அரிசி டப்பாக்களை அடுக்கினால் எடை எளிதில் 25 கிலோவைத் தொடும்.

செங்கல் சுவரென்றால் 8 மி.மீ. துளையும் திருகாணியைப் பிடித்துக்கொள்ள அதில் செருகும் 50 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கும் போதும். சிமென்ட் பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். குட்டைப் பிளக் பூச்சை மட்டும் பிடித்து நின்று, ஒருநாள் அதோடு பெயர்ந்து வரும். புதிய அடுக்குமாடிகளில் உள்ள, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்து எடை குறைந்த ஏ.ஏ.சி. கான்கிரீட் கல்லில் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென உள்ள நீண்ட நைலான் பிளக் வேண்டும். டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமர் வசதியை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். இல்லாவிட்டால் கல் பொடிந்து துளை அகன்றுவிடும். தூளையும் ஊதி எடுக்க வேண்டும். பலகையைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்கு இடையே ஒன்றரை அடி, அதற்கு மேல் வேண்டாம்.

ஒற்றை வரிசை டப்பாவுக்கு 6 அங்குல அகலப் பலகை போதும். ஓரடி வைத்தால் பின்வரிசைப் பருப்பு மறந்துபோய் வண்டு பிடிக்கும். திருகாணியை வெளியே இழுக்கும் விசையும் கூடும். அடுப்புக்கு நேர்மேலே பலகை வேண்டவே வேண்டாம்.

சுவிட்சுக்கு நேர்மேலும் கீழும் துளைக்காதீர்கள். மின்குழாய் பெரும்பாலும் அப்படித்தான் போகும். கட்டுநர்கள் பூசுவதற்கு முன் சுவர்களைப் படமெடுத்து, சாவியோடு கொடுக்க வேண்டும். வீடு வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குங்கள்.

– தச்சு வேலை செய்பவர், கோயம்புத்தூர்