ட்யூபைத் திருப்பிப் பார்

அன்புள்ள வள்ளிக்கு,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வியாழக்கிழமை கைக்குக் கிடைத்தது. பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் எனக்கு இங்கே கை பரபரக்கிறது. பக்கத்தில் இருந்தால் தினமும் ஓடி வந்து தூக்கியிருப்பேன்.

இங்கே குறுவை நடவு தொடங்கிவிட்டது. தெருவில் காலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் ஒருவரும் இல்லை. பின்கட்டு வேப்பமரம் போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. அந்த வெறும் இடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். கடிதத்தின் கடைசியில் நாலு வரியில் நீ எழுதிய விஷயத்துக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் நாலு மாதமாக அரிப்பு, வட்ட வட்டமாகத் தடிப்பு, மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், போட்ட ரெண்டாம் நாளே அரிப்பு நின்றது, விட்டால் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறது, இப்போது முதுகுப் பக்கமும் போயிருக்கிறது. இவ்வளவுதானே நீ எழுதியது? படித்ததும் படர்தாமரை, அதாவது தோலில் வரும் பூஞ்சை என்றுதான் எனக்குத் தோன்றியது. போனில் அந்த ட்யூபின் போட்டோவும் அனுப்பியிருந்தாய். முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தாய். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார், வள்ளி. பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணாடி போட்டுக்கொண்டு படி, இல்லையென்றால் மருமகளைப் படிக்கச் சொல். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அரிப்பையும் சிவப்பையும் அடக்கி வைக்கிற மருந்து. கூடவே பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்திருப்பார்கள். எல்லாம் ஒரே ட்யூபில் இருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். படர்தாமரைக்கு அது நல்லதில்லை.

ரெண்டு நாளில் அரிப்பு நிற்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபோதே எனக்குத் திக்கென்றது. என் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

உனக்குத் தெரியும், அவன் திருச்சியில் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் நாலு மணிக்குக் கல் முன்னால் நின்றால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அனல். வேர்வை இடுப்பில் வழிந்து அருணாக்கயிற்றில் ஊறி அப்படியே நிற்கும். முதலில் இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம். பக்கத்து மெடிக்கலில் கேட்டான், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். எட்டு மாதம் அதையே வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறான். நான் முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவள். என் கூடப்பிறந்தவன் எட்டு மாதம் என்ன பூசுகிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கூச்சப்பட்டு அக்காவிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தபோது உட்காரவும் முடியாமல் சொறிவதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

வேட்டியை விலக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் வட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. விளிம்பு கலைந்து, ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக, சிவந்து பரவிக் கிடந்தது. உள்தொடையில் தோல் சிகரெட் தாள் போல மெலிந்து, ஊதா நிறத்தில் கோடு கோடாகப் பிளந்திருந்தது. பிள்ளை பெற்ற வயிற்றில் வருமே, அந்த மாதிரி வரி.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா மொட்டை பிளேடால் விளிம்பை மெல்லச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். தோலின் செல் எல்லாம் அதில் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. கொஞ்ச நேரம் கழித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய நூலிழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, அங்கங்கே கணு வைத்து ஓடுகின்றன. எட்டு மாதம் மருந்து போட்ட தோலில் அது அத்தனை செழிப்பாக வளர்ந்திருந்தது.

ஏன் என்றால், அரிப்பும் சிவப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதில்லை. நம் உடம்பு அதை எதிர்த்துப் போராடுவதால் வருவது. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, சிவப்பு மங்குகிறது, நாம் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பூஞ்சைக்கோ தடுக்க ஆளில்லாத வீடு. ஸ்டீராய்டு பட்டு அடையாளமே மாறிப்போன படர்தாமரைக்கு, ஐவ், மார்க்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர்கள் இருவர் 1968லேயே டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை என்று பொருள். அந்த ஸ்டீராய்டு க்ரீம்களில் பலவற்றை 2018ல் மத்திய அரசு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நாமும் வாங்குகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது நம் ஊர்ப் பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லை. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020ல் ஒரு வகைக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதில் பலவற்றுக்கு டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்தே பிடிப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு களிம்பு கொடுத்தால் மூன்று வாரத்தில் போய்விடும். அந்த நினைப்பில் இன்றைக்கு இருக்க முடியாது.

அதனால் நீ செய்ய வேண்டியது, இந்த வாரமே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடு. பழைய ட்யூபைக் கையில் எடுத்துப் போ, ஒளிக்காதே. அதை நிறுத்தியதும் அரிப்பு கொஞ்ச நாள் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். தம்பி அந்தப் பத்து நாளில் துடித்துப்போனான், ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வான். அரிப்புக்கு டாக்டர் தனியாக மாத்திரை கொடுப்பார், கேட்டு வாங்கு. தாங்கவில்லை என்று பழைய ட்யூபைத் திரும்பத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. உனக்கு முதுகு வரைக்கும் பரவியிருப்பதால் உள்ளுக்குச் சாப்பிடவும் மாத்திரை எழுதலாம், பயப்படாதே.

டாக்டர் எழுதித் தரும் க்ரீமில் குளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல் என்று பூஞ்சை மருந்து ஒன்று மட்டும்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளையா ரெண்டு வேளையா என்பது மருந்துக்கு மருந்து மாறும், சீட்டில் உள்ளபடி செய். பூசுகிற விதம் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்டரில் நின்று பார்த்ததில் நூற்றில் பாதிப் பேர் தப்பாகத்தான் பூசினார்கள். குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி, ஃபேனுக்கு முன்னால் ரெண்டு நிமிஷம் நின்று இடத்தை நன்றாகக் காயவிடு. ஈரத்தில் பூசாதே. எல்லோரும் வட்டத்தின் நடுவில் பூசுவார்கள். பூஞ்சை விளிம்பில்தான் உயிரோடு மேய்ந்துகொண்டு போகிறது. அதனால் விளிம்புக்கு வெளியே ரெண்டு விரல் அகலம் தள்ளி, நல்ல தோலில் ஆரம்பித்து உள்ளே வா. அளவு கேட்டால், ஆள்காட்டி விரலின் மேல் ரேகையிலிருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு க்ரீம். அது ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ரெண்டு வேளை பூசினால் நாளைக்கு ஒரு கிராம். பதினைந்து கிராம் ட்யூப் உனக்கு ரெண்டு மாதம் வந்தால் நீ பூசவே இல்லை என்று அர்த்தம். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, முக்கியமாகப் பேரனைத் தூக்கும் முன்னால். எரிச்சல் கொஞ்சம் இருந்தால் சரி, கொப்புளமோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

தோல் பார்க்கச் சுத்தமானதும் நிறுத்திவிடாதே. மேல்தோல் கீழேயிருந்து வளர்ந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பூஞ்சை அந்தச் செத்த மேல்தோலுக்குள்தான் குடியிருக்கிறது. கண்ணுக்கு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், குறைந்தது ரெண்டு வாரமாவது பூச வேண்டும்.

வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசலாமா என்று கேட்டிருந்தாய். நம் பாட்டிமார் பூசினார்கள், நானும் பார்த்திருக்கிறேன், அந்த இலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாலு மாதம் ஸ்டீராய்டு பட்டு மெலிந்திருக்கும் தோலில் எலுமிச்சையைத் தேய்த்தால் புண்ணாகிவிடும். இப்போது வேண்டாம்.

துணி விஷயம் ட்யூப் அளவுக்கு முக்கியம். உதிர்கிற செதிலில் பூஞ்சையின் விதை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உன் பாவாடையையும் துண்டையும் தனியாக, நல்ல சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவை. உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போட்டு, நாடா ஓடுகிற மடிப்பில் இஸ்திரி போடு. நாடாவையும் உருவித் துவைக்க வேண்டும், அதை யாரும் நினைப்பதே இல்லை. தம்பியின் அருணாக்கயிற்றை எடுக்கச் சொன்னார் டாக்டர் அம்மா. எங்கள் அம்மா ஒப்பவில்லை. "ஆம்பளப் புள்ள இடுப்பு வெறுமனே இருக்கப்படாதுடி" என்று ஒரே பிடிவாதம். ரெண்டு நாள் கழித்து அந்தக் கயிற்றை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கறுத்து, பிசுபிசுத்து, முடிச்சுக்குள் எல்லாம் செதில். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "குணமானதும் சாமிகிட்ட வச்சு புதுசு கட்டிக்கலாம், இப்ப அறுத்துரு" என்று அவளே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

வீட்டில் யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேள். ஒரே சோப்பு, ஒரே துண்டு என்றால் ஒருவருக்குப் போய் இன்னொருவருக்கு வரும், எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். மருமகளுக்கு இருந்தால் அவள் தனியாக டாக்டரைப் பார்க்கட்டும். குழந்தையின் வாயோ கையோ படுகிற இடத்தில் கேட்காமல் எதையும் தடவக்கூடாது. உன் ட்யூபைப் பேரனின் தொடை இடுக்குச் சிவப்புக்குப் போட யாராவது சொல்வார்கள், ஒருபோதும் போடாதே. குழந்தைத் தோல் ஸ்டீராய்டை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும்.

அண்ணன் வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு வார்ஃபரின் சாப்பிடுகிறாரே, அவருக்கு மைக்கோனசோல் க்ரீம் யாராவது கொடுத்தால் ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் வாங்கவேண்டாம். ரெண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரக்கூடும். உனக்குச் சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தாய்? சர்க்கரை ஏறியிருந்தால் படர்தாமரை சீக்கிரம் ஆறாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் பார்த்துவிடு.

இதை எழுதும்போது நடவுக் காலத்தில் எங்கள் சுகாதார நிலையத்து வாசல் ஞாபகம் வருகிறது. சாயங்காலம் சேறு காயாத காலோடு பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். பென்சாயிக் அமிலம் ஆறு பங்கு, சாலிசிலிக் அமிலம் மூன்று பங்கு சேர்ந்த விட்ஃபீல்டு என்ற பூஞ்சைக் களிம்பு பெரிய டப்பாவில் வரும். அவர்கள் கொண்டுவரும் சின்னக் குங்குமச் சிமிழ்களில் குச்சியால் எடுத்து எடுத்து வைப்பேன். "புண்ணு மேல வைக்காதீங்க, எரியும், ஆறினப்புறம் வைங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன். அதில் ஒருத்தி முதுகில் இருந்த வெளிறிய திட்டைத் தேமல் என்று நினைத்துக் களிம்பு கேட்டாள். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், அவளுக்குத் தெரியவே இல்லை. அது தொழுநோய். நேரத்தில் மாத்திரை கிடைத்ததால் கையும் காலும் நன்றாக இருக்கின்றன, இன்றைக்கும் நடவுக்குப் போகிறாள். வெளிறிய இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் க்ரீமைத் தேடவே கூடாது.

தம்பிக்கு முழுக்க ஆற நாலு மாதம் ஆயிற்று. அரிப்பு இல்லை, வட்டம் இல்லை. தொடையில் விழுந்த வரிகள் மட்டும் ஊதாவிலிருந்து வெளுத்து அப்படியே தங்கிவிட்டன. அவை போகாது என்று டாக்டர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். ஊருக்கு வந்தால் இப்போதும் காவிரியில் படித்துறையை விட்டுத் தள்ளிப் போய், ஆள் இல்லாத இடத்தில்தான் இறங்குகிறான். உனக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது, வள்ளி. அதனால்தான் இத்தனை பக்கம்.

ஆவணியில் பேரனுக்குக் காது குத்து என்று எழுதியிருந்தாய், தேதி குறித்ததும் சொல். ரெண்டு நாள் முன்னாலேயே வந்து தங்குவேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் சீட்டையும் புது ட்யூபையும் போட்டோ எடுத்து அனுப்பு. இந்தத் தடவை பின்பக்கத்தை.

அன்புடன்,
உன் காமாட்சி