பதினோராவது விமர்சனம்

சேலம்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணா,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. "மூன்று வருஷ உழைப்பும்மா, ஒருத்தரும் படத்தைப் பார்க்கவே இல்லை" என்று சொன்னாய். அப்போது நான் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விமர்சனங்கள் பதினொன்றையும் படித்துவிட்டேன். அண்ணி பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். இந்தியில் இருந்தவற்றை அவளே வாசித்துச் சொன்னாள். ஐந்து பேர், 1975 நெருக்கடி நிலையைத் தைரியமாகக் காட்டிய படம் என்று தூக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர், இன்றைய அரசியலுக்காக எடுத்த பிரசாரம் என்று போட்டுத் தாக்கியிருக்கிறார்கள். இந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட ஒரு காட்சியை எடுத்து வைத்து, இது இப்படி இருக்கிறது, இதனால் எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. நீ சொன்னது அந்த அளவுக்குச் சரிதான்.

ஆனால் உன்னை அழவைத்தவர் பதினோராவது ஆள். நீ செட் போட்ட டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காட்சி கண்காட்சியில் அடுக்கிய சாமான் மாதிரி இருக்கிறது, அங்கே யாரும் வேலை செய்த சுவடே இல்லை என்று எழுதினாரே, அவர். அவரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் உனக்கு வேறு ஒரு படத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1974-ல் எனக்கு இருபத்தொரு வயது. பெங்களூரில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஹாஸ்டலில் இருந்தேன். கெம்பே கவுடா சாலையில் சாகர் தியேட்டரில் 'கர்ம் ஹவா' ஓடுகிறது, வா போகலாம் என்று என் பக்கத்து ஸ்விட்ச்போர்டில் உட்காரும் தோழி கூப்பிட்டாள். சிவாஜி நகர்க்காரி, வீட்டில் உருது பேசுகிறவள். எனக்கு அப்போது இந்தியே தெரியாது, உருதுக்கு எங்கே போவது? நான் சொல்கிறேன் வா என்றாள். அந்தப் படம் ஊர் ஊராகப் போவதற்கு முன்னால் முதலில் திரையிடப்பட்டதே பெங்களூரில்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. எடுத்தவர் எம்.எஸ். சத்யு, மைசூர்க்காரர். அதனால் கன்னடப் படம் என்று நினைத்து வந்தவர்கள்கூட தியேட்டரில் இருந்தார்கள்.

ஆக்ராவில் ஒரு முஸ்லிம் குடும்பம். பிரிவினை முடிந்து, காந்தியைச் சுட்டுவிட்ட பிறகான காலம். சலீம் மிர்சா என்ற செருப்புத் தொழிற்சாலைக்காரர், பல்ராஜ் சாஹ்னி நடித்தார். உறவினர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகிறார்கள், இவர் மட்டும் போக மாட்டேன் என்கிறார். வங்கி கடன் தராது, நீயும் நாளைக்கே கிளம்பிவிடுவாய் என்று பயம். பாகிஸ்தானுக்குப் போய்விட்ட அண்ணன் பேரில் வீடு இருக்கிறது, அதனால் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. கராச்சியில் இருக்கும் அண்ணனுக்கு வீட்டின் வரைபடத்தை அனுப்பியதற்காக அவர் மேல் உளவு பார்த்தார் என்று வழக்கு வருகிறது. நீ ஆர்ட் டிபார்ட்மென்ட்காரன், உனக்கு இது நினைவில் நிற்கும்: வாழ்ந்த வீட்டின் ஒரு பிளான், அதற்கு ஒரு மனிதர் கோர்ட்டில் நிற்கிறார்.

அந்த வீட்டுப் பாட்டியை நான் மறக்கவே இல்லை. காலி செய்து கிளம்பும் நேரத்தில் ஆளைக் காணோம். விறகு போட்டு வைக்கும் இருட்டுக்குள் போய் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். மகன் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பிறகு சாகும் தறுவாயில் அவளைப் பல்லக்கில் வைத்து அந்தப் பழைய வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். கல்யாணமாகி முதன்முதல் அந்த வாசலில் இறங்கிய நாளின் சத்தமெல்லாம் அவள் காதில் கேட்கிறது. அங்கேயே உயிர் போகிறது. என் தோழி அதுவரைக்கும் என் காதில் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பாட்டியாக நடித்த பதர் பேகம் பற்றி ரொம்பப் பின்னால்தான் படித்தேன். எழுபது தாண்டியவர், கண்ணில் புரை விழுந்து பார்வை ஏறக்குறைய இல்லை. பதினாறு வயதில் சினிமாவில் நடிக்க வேண்டும் என்று ஆக்ராவிலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போய், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேலை மட்டும் கிடைத்து, அந்தக் காசில் ஊர் திரும்பி, வாழ்க்கை எங்கெங்கோ போய்விட்டது. கடைசியில் சினிமா அவர் வாசலுக்கு வந்தது. குரல் மட்டும் நடிகை தீனா பாடக்கினுடையது.

இந்தப் படத்தை ஆட்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். முதலில் மதிப்பிட்டவர்கள் படத்தைப் பார்க்காதவர்கள். ஆக்ராவில் படப்பிடிப்பு நடக்கும்போதே எதிர்ப்பு. ஃபிலிம் போடாத காமிராவோடு ஒரு பொய் யூனிட்டை வேறு பக்கம் அனுப்பி, கூட்டம் அங்கே போனதும் இவர்கள் இந்தப் பக்கம் படம் எடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்த கடன் இரண்டரை லட்சம். ஸ்பாட்டில் ஒலிப்பதிவு செய்ய வசதி கிடையாது, எல்லாம் பிறகு டப்பிங். ஃபரூக் ஷேக்குக்கு அதுதான் முதல் படம், 750 ரூபாய் சம்பளம். இத்தனைக்கும் பிறகு, கலவரம் வந்துவிடும் என்று சென்சார் எட்டு மாதம் நிறுத்தி வைத்தது. சத்யு விடவில்லை. அதிகாரிகள், தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். பம்பாயில் ரீகல் தியேட்டரில் முதல் காட்சி என்றதும், தியேட்டரைக் கொளுத்துவோம் என்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயிடமிருந்து மிரட்டல் வந்தது. அன்று மதியம் அவருக்கே தனியாகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தார், பிறகு தடுக்கவில்லை. அந்த மத்தியானத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சத்யு அவரோடு வாக்குவாதம் செய்து ஜெயிக்கவில்லை, விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்.

அப்புறம் பாராட்டு வந்தது. 1974-ல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கதைக்காக இஸ்மத் சுக்தாய், திரைக்கதைக்காக ஷமா ஜைதியும் கைஃபி ஆஸ்மியும், வசனத்துக்காக மறுபடி கைஃபி என்று ஃபிலிம்ஃபேர் மூன்று. ஆனால் நீ கவனிக்க வேண்டியது சத்யஜித் ராய் எழுதியதை. வேறு எந்தத் தகுதியும் இல்லாமல் இருந்தாலும், எடுத்துக்கொண்ட விஷயத்துக்காகவே அது ஒரு மைல்கல் என்கிற மாதிரி எழுதினார். முதலில் படித்தபோது எனக்குப் பெரிய பாராட்டாகத் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. வேறு தகுதி இல்லாவிட்டாலுமா? அந்தப் பாட்டி? சலீம் மிர்சாவின் மகள் ஆமினா சாகும் காட்சி?

இப்போது, இந்த வயதில், கோபம் இல்லை. விஷயம் நல்லதாக இருப்பது வேறு, படம் நல்லதாக இருப்பது வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். நீ எனக்கு அனுப்பிய பத்துப் பேர் அதைச் செய்யவில்லை. உன்னைப் பாராட்டிய ஐந்து பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நெருக்கடி நிலை கொடுமை என்பதற்காக உன் படத்துக்கு நட்சத்திரம் கொடுத்தால், அந்த நட்சத்திரம் உனக்குச் சேர வேண்டியதா, சிறைக்குப் போனவர்களுக்கா?

ஆமினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் இரண்டு முறை கைகூடாமல் போன மகள். கல்யாண உடையிலேயே மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். அப்பா கதவைத் திறந்து பார்க்கிறார். பல்ராஜ் சாஹ்னி கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். அவருடைய சொந்த மகள் ஷப்னம் 1972-ல் இறந்துபோயிருந்தாள். அவரும் இந்தப் படத்துக்கு டப்பிங் பேசி முடித்த கையோடு, 1973 ஏப்ரலில் போய்விட்டார், படம் வெளியாகிப் பார்க்கவே இல்லை. அந்தக் காட்சியில் என் தோழி சொல்வதை நிறுத்திவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை எனக்கு ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்கவில்லை. சலீம் மிர்சா கடைசியில் தாமும் ரயிலேறக் குதிரை வண்டியில் கிளம்பி, வழியில் வேலை கேட்டுப் போகும் ஊர்வலத்தைப் பார்த்து, மகனை அனுப்பிவிட்டு, தாமும் இறங்கிக் கூட்டத்தில் சேர்கிறாரே, அதை நான் வெறும் முகங்களை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அந்த முடிவு வலிந்து வைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். "எங்கள் சித்தப்பா கராச்சியில் இருக்கிறார்" என்றாள். ஒரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், அதுவரை சொன்னதில்லை.

2014-ல் அந்தப் படத்தைச் சுத்தப்படுத்தி மறுபடி வெளியிட்டார்கள். அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான், இந்த முறை சப்டைட்டிலோடு. நாற்பது வருஷம் கழித்து முழு வசனமும் புரிந்தது. ஆனால் நான் உன்னை நினைத்துக்கொண்டு சுவர்களைத்தான் பார்த்தேன். ஆக்ராவில் பீப்பல் மண்டி என்ற இடத்தில் நிஜமாக ஆட்கள் வாழ்ந்த ஹவேலி, பழைய பெரிய வீடு. சத்யுவும் உன்னைப் போல ஆர்ட் டிபார்ட்மென்டிலிருந்து வந்தவர்தான், 'ஹகீகத்' படத்தின் கலை இயக்கத்துக்கு ஃபிலிம்ஃபேர் வாங்கியவர். செட் போடத் தெரிந்த மனிதர், செட் போடாமல் விட்டிருக்கிறார். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது பல்ராஜ் சாஹ்னி கீழே பார்ப்பதில்லை. அறுபது வருஷம் ஏறிய கால் அப்படித்தான் ஏறும்.

சரி, உன் எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறேன்.

இங்கே தியேட்டரில் உன் பேர் திரையில் வந்தபோது அண்ணி என் தோளைத் தட்டினாள். அந்தக் காட்சி வந்ததும் நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். போர்டின் உயரம், பிளக் சொருகும் ஜாக் வரிசை, விளக்கு, ஹெட்செட், எல்லாம் நான் சொன்னபடி ஒன்று தவறாமல் செய்திருக்கிறாய். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனாலும் கண்ணா, அந்த ஆள் எழுதியது நிஜம். அது நான் உட்கார்ந்த போர்டு இல்லை. இதை உனக்கு வேறு யார் சொல்வார்கள் என்றுதான் சொல்கிறேன்.

லைனை இணைக்கிற கார்டு, அந்த ஒயர், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிளக்குக்கு மேலே, இரண்டு விரலால் பிடிக்கிற இடத்தில் மட்டும் நூல் பிரிந்து நார் நாராக நிற்கும். மேஜையின் முன் ஓரம், முழங்கை உரசி உரசி, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி அதே மரம் வறண்டு கிடக்கும். டெல்லி லைன் ஜாக்கைச் சுற்றிக் கறுப்பு வளையமே விழுந்திருக்கும், அதிகம் கூப்பிடாத ஊர்களின் ஜாக் புத்தம் புதுசு. டிரங்க் கால் சீட்டுக்களைச் சொருகும் இடத்தில் அர்ஜென்ட், லைட்னிங் என்கிற அவசரக் கால் சீட்டெல்லாம் தனியாக, கொஞ்சம் கசங்கி இருக்கும். நீ எல்லாவற்றையும் ஒரே மாதிரி பழசாக்கியிருக்கிறாய், தேநீர்ச் சாயம் போட்ட காகிதம் மாதிரி. 1975-ல் அதெல்லாம் பழம்பொருள் இல்லை, நாங்கள் அன்றாடம் புழங்கின சாமான். சில இடம் புதுசு, சில இடம் தேய்ந்தது.

இதை முன்பே உனக்குச் சொல்லாதது என் தப்பு. என்ன இருந்தது என்று நீ கேட்டாய், அதைச் சொன்னேன். எங்கே தேய்ந்தது என்று எனக்கே திரையில் பார்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த விமர்சகர் ஒரு வரி எழுதியிராவிட்டால், எனக்கு என்ன குறை என்று பெயர் சொல்லத் தெரியாமல், நன்றாக இருந்தது என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

நெருக்கடி நிலை வந்த 1975 ஜூன் 26 காலையில் நான் டியூட்டியில் இருந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வாஜ்பாயும் அத்வானியும் பாராளுமன்றக் குழு வேலையாகப் பெங்களூர் வந்திருந்தார்கள், அங்கேயே கைது செய்தார்கள். எங்களுக்கு அது அன்று தெரியாது. டெல்லி கேட்டு வந்த சீட்டு மேலே மேலே குவிந்தது, அவ்வளவுதான் தெரியும். உன் படத்தில் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணீர் விடுகிறாள். நாங்கள் யாரும் திரும்பவில்லை, கை ஒழியவில்லை. இதையும் அந்த ஆள் எழுதியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். இது உன் வேலையில் சேராது, டைரக்டருடையது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அந்தப் பத்தையும் நீ இனிமேல் படிக்காதே. பதினோராவதை நான் கத்தரித்து, உன் பழைய டிராயிங் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு மறுபடி போகிறேன். போன முறை போர்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். அந்த டெல்லி பிரஸ் காட்சியில் அச்செழுத்துக் கோக்கும் கம்போசிங் மேஜைகளையும் நீதான் செய்தாய் என்று அண்ணி சொன்னாள், நான் கவனிக்கவே இல்லை. பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுகிறேன், போனை எடு.

அன்புடன்,
அம்மா