மாடிவீட்டுத் தம்பிக்கு, கீழ்வீட்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நீங்கள் குடிவந்ததிலிருந்து நம் வீட்டு கேட் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதிகம் திறக்கிறது. டெலிவரி கொண்டுவரும் பையன்கள் மேலயா, கீழயா என்று தெரியாமல் எங்கள் பெல்லை அடிக்கிறார்கள். அதைப் புகாராகச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் பார்த்தபோது, “கோயமுத்தூர்ல சாப்பாடு சுமார்தான்க்கா, அவசரத்துக்கு ஒரு டாக்ஸியும் கிடைக்க மாட்டேங்குது” என்றீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற பாதிப் பேர் இதையே சொல்வதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆப்பில் நாலரை நட்சத்திரம் என்று பார்த்து நீங்கள் வரவழைக்கிற பிரியாணியும் சரி, ஆப்பில் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கேன்சல் ஆகிற காரும் சரி, இரண்டிலும் கோளாறு ஒன்றுதான். இந்த ஊரில் சாப்பாட்டுக்கு நேரம் தெரிய வேண்டும், காருக்கு ஆள் தெரிய வேண்டும். போனுக்கு இது இரண்டும் தெரியாது.

முதலில் சாப்பாடு. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது டீ குடிக்காமல் போகிறீர்கள். தெருமுனையில் பேக்கரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேக் விற்கிற கடை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள். எங்களுக்கு டீக்கடையே அதுதான். வீட்டு மனை பேரம், கல்யாணப் பேச்சு, சண்டை சமாதானம் எல்லாம் பேக்கரி வாசலில் நின்றபடிதான் நடக்கும். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், இல்லையென்றால் முட்டை பப்ஸ். பப்ஸ் வாங்கினால் அடுப்பிலிருந்து ட்ரே எப்போது இறங்கியது என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதைச் சாயங்காலம் வாங்காதீர்கள். 2024 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சர் இங்கே கொடிசியா அரங்குக்கு வந்தபோது, பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று அன்னபூர்ணா ஹோட்டல் சீனிவாசன் எழுந்து சொன்னாரே, அந்த வீடியோவை நாடே பார்த்தது. பன் விஷயத்தை அமைச்சர் முன்னால் எழுப்புகிற ஊர் இது என்று எனக்கு அன்று கொஞ்சம் பெருமைதான். அப்புறம் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோவும் வந்தது உங்களுக்கே தெரியும்.

அன்னபூர்ணா என்றதும் ‘அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேக்கா’ என்பீர்கள். தெரிந்ததுதான். 1968இலிருந்து நடக்கிற ஹோட்டல், ஊர் முழுக்கக் கிளைகள். ஆனால் நீங்கள் அங்கிருந்து தோசையைப் பார்சல் வாங்கியதை நான் பார்த்தேன். தோசையைப் பார்சல் வாங்கலாமா தம்பி? வீடு வந்து சேர்வதற்குள் அது வெந்த துணி மாதிரி ஆகிவிடும். அங்கே போய் உட்கார்ந்து சாம்பார் இட்லியோ சாம்பார் வடையோ சொல்லுங்கள். வடை ஊறி, ஆனால் உடையாமல் இருக்கிற ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதற்குள் சாப்பிட வேண்டும். கூட ஒரு கரண்டி சாம்பார் கேட்கத் தயங்காதீர்கள், இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மதிய மீல்ஸுக்கு நான் அங்கே போவதில்லை. நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் மதியத்துக்கு மெஸ்தான்.

மெஸ் என்றால் கொங்குச் சமையல் மெஸ். எங்கள் பகுதி வீட்டுச் சமையல் என்னவென்று தெரியாமல் ‘சுமார்’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, இடியாப்பம் மாதிரி இருக்கிற சந்தகை, ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, இதெல்லாம் நீங்கள் ஆர்டர் போடுகிற கடைகளில் இருக்காது. இருந்தாலும் பெயருக்கு இருக்கும். அரிசிம்பருப்பு வீட்டில் அவசரத்துக்குச் செய்வது. அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு போட்டு ஒரே குக்கரில் வைப்பது. மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். மெஸ்ஸில் அதைப் போடுகிற நாள் எது என்று கேட்டுவைத்துக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டரைக்கு உள்ளே நுழைந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பில் வெந்நீர் சேர்ந்திருக்கும். அது எந்த மெஸ்ஸாக இருந்தாலும் அப்படித்தான்.

கறி சாப்பிடுகிறவர் நீங்கள். கடை தேறுமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அந்தக் கரையில் இருக்கிற ஊர், நாமக்கல் மாவட்டம். அந்த வறுவலில் மசாலாப் பொடியே கிடையாது. விதை உதறிய வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். தட்டில் செக்கச்செவேலென்று கிரேவியோடு, குடைமிளகாய் மிதக்க வந்தால் அடுத்த முறை அந்தக் கடைக்குப் போக வேண்டாம். தேங்காய்ச் சில்லு ஓரம் பொன்னிறமாகி, மிளகாய் கறுக்காமல் இருந்தால் உள்ளே விவரம் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அங்கே மற்றதையும் நம்பிச் சாப்பிடலாம்.

பிரியாணிக்கு உக்கடம், கோட்டைமேடு பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் போங்கள். அதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டில் அந்த டிபார்ட்மென்ட் என் வீட்டுக்காரருடையது, அவரையே கேளுங்கள்.

இனி காளான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரோட்டோரம் தள்ளுவண்டியில் பெரிய தோசைக்கல்லைப் போட்டு ஒருவர் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருப்பாரே, அதுதான். உங்களூரிலும் இப்போது வந்துவிட்டது என்று கேள்வி, ஆனால் இது எங்கள் சரக்கு. காளான் என்று பெயர், உள்ளே பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். அதைத் தெரிந்தேதான் சாப்பிடுகிறோம், ஏமாற்று என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. மைதா மாவில் பிசைந்து முன்னாலேயே உருண்டையாகப் பொரித்து வைத்திருப்பார்கள். கேட்டதும் அதைக் கல்லில் போட்டு, வெங்காயமும் மசாலாத் தண்ணீரும் ஊற்றி, இரண்டு கையிலும் கரண்டி வைத்துக் கொத்துவார்கள். உருண்டை உடைந்து, குழம்பை உறிஞ்சி, கொழகொழவென்று சேர்ந்து வரும். கல்லின் நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் லேசாகப் பிடித்ததுதான் ருசி. “ஓரத்துல இருக்கறதா போடுங்க” என்று கேட்டால் போடுவார்கள். மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி. நின்றபடி, வாய் சுடச் சுடச் சாப்பிட வேண்டும். நீங்கள் இதைப் போனில் வரவழைத்தீர்கள் என்று உங்கள் அறை நண்பர் சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொன்று, காசு விஷயம். பல கடைகளில் ஆப்பில் போட்டிருக்கும் விலை கல்லாவில் கொடுக்கிற விலையைவிட அதிகம், கமிஷன் போக வேண்டுமே. அதற்கு மேல் டெலிவரிக்கு, பார்சல் டப்பாவுக்கு, வரிக்கு. ஒரு முறை இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, காருக்கு வருவோம். ஆட்டோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே மீட்டர் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்டாண்டு ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள், அதிலும் மழை பெய்யத் தொடங்குவதற்கு முன்னால். ஆட்டோவோடு மல்லுக்கட்டிச் சலித்துத்தான் இந்த ஊர் கால்டாக்ஸிக்குப் பழகியது என்பது என் எண்ணம். ரெட் டாக்ஸி கோவையில் தொடங்கிய கம்பெனி. போன் போட்டு மனுஷக் குரலில் இடம் சொல்லி வண்டி கூப்பிடலாம். என் மாமியார் மாதிரி ஆப் தெரியாதவர்களுக்கு அதுதான் தோது. ஓலா, ஊபர், ராபிடோ எல்லாம் பகலில் காந்திபுரம், பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் சட்டென்று கிடைக்கும். டிரைவர் போன் போட்டு, “எங்கீங்க ட்ராப்? கேஷா, ஆன்லைனா?” என்று கேட்பார். கேஷ் என்று சொன்னால் வருவார். அது அவருடைய அன்றைய டீசல் காசு, அதில் தப்பு சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு வராமல், நாமே கேன்சல் செய்யட்டும் என்று நிற்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

விடிகாலை ஃப்ளைட்டுக்கு ஆப்பை நம்பவே நம்பாதீர்கள். என் மகளை அனுப்ப முந்தைய நாளே ஒரு ஆப்பில் புக் செய்து, நாலு மணிக்கு வாசலில் பெட்டியோடு நின்றால், ‘வண்டி இல்லை’ என்று மெசேஜ் வந்தது. அன்று காப்பாற்றியவர் பின் தெருவில் சொந்த டாக்ஸி வைத்திருக்கும் டிரைவர்தான். தூக்கத்தில் போனை எடுத்து, “பத்து நிமிசம் குடுங்கக்கா, வந்தர்றேன்” என்றார். வந்தார். நம்பர் உங்களுக்கும் தருகிறேன். ஆனால் ஒன்று, முந்தைய நாள் சாயங்காலம் ஒரு முறை, ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு முறை நினைவூட்ட வேண்டும். அவரே அதை எதிர்பார்ப்பார்.

ஏர்போர்ட்டுக்கு அவினாசி ரோட்டில் இப்போது புது மேம்பாலம் இருக்கிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ் விட்டு யு.எம்.எஸ். கம்பெனியை ஆரம்பித்தவர். வண்டிக்குப் பெயர்போன ஊரில் பாலத்துக்கு வேறு யார் பெயர் வைப்பது? டிரைவர் “மேலயா, கீழயாங்க?” என்று கேட்பார். ஏர்போர்ட் என்றால் மேலே. நடுவில் பீளமேட்டில் எங்காவது சாப்பிடுவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இறங்குகிற இடத்தைத் தவறவிட்டால் வீணாக ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

வெளியூர் வண்டி பேசும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் டாக்ஸி, எலெக்ட்ரிக் டாக்ஸி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் நூறு இருநூறு குறைத்துச் சொல்வார்கள். வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும், அந்த லாபம் வேண்டாம். ‘ட்ராப் டாக்ஸி’ என்றால் போகிற வழிக்கு மட்டும் காசு, ஆனால் பெரும்பாலும் குறைந்தது 130 கிலோமீட்டர் கணக்கு வைப்பார்கள். போய்த் திரும்புவது என்றால் நாளுக்கு 250 கிலோமீட்டர். டிரைவர் பேட்டா, டோல், மலைக்கு ஏறினால் அதற்குத் தனி. இவ்வளவையும் போனிலேயே கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்னும் ஒன்று, ஊருக்குள் எங்கே சாப்பிடலாம் என்று டிரைவரைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். ஹைவேயில் கேட்காதீர்கள். அங்கே பல ஹோட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், அந்தச் செலவு உங்கள் பில்லில்தான் ஏறும்.

அடுத்த மாதம் நண்பர்களோடு ஊட்டி போவதாகச் சொன்னீர்கள். 2024 மே 7இலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வாரநாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். பாஸ் எடுப்பது டிரைவரா நீங்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், கல்லாறில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை வேண்டாம், லீவு போட்டுச் செவ்வாய், புதன் போங்கள். ஏறும்போதே பர்லியாறில் நிறுத்தி, அந்த நேரத்துக்கு என்ன பழம் வந்திருக்கிறதோ வாங்கிவிடுங்கள். சீசனில் இறங்குவது கோத்தகிரி வழியாகத்தான் விடுவார்கள், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. மங்குஸ்தான் இருந்தால் எங்களுக்கும் ஒரு கிலோ, காசை நீங்கள் வந்ததும் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு அக்கா
சாயிபாபா காலனி, கோவை