விதி அக்காவுக்கு, பிரேக் எனக்கு

பரந்தன்
வைகாசி, 2025

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். நானும் பேசியே அனுப்பலாம் என்று போனை எடுத்தால் பாதியில் தொண்டை அடைத்துவிடுகிறது. அழித்து அழித்துத் திரும்பப் பேசுவது பெரிய கரைச்சல். அதனால் மகளிடம் ஒற்றைத் தாள் வாங்கி எழுதுகிறேன். அவள் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

உன் மகளின் உயர்தரப் பெறுபேறு கேட்டுச் சந்தோசம். தூர இடத்துப் பல்கலைக்கழகம் கிடைக்காது என்று ஏன் முகத்தைத் தொங்கப்போடுகிறாய்? பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தை வாசலில் வைத்துக்கொண்டு! பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் படிக்கட்டும். இங்கே சிறுபோகம் விதைத்தாயிற்று. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டதில் எனக்கு வந்த வயல் துண்டு சின்னது. அதுவும் ஒருவகைக்கு நல்லதுதான், இப்போது என்னால் பெரிய வயலோடு மாரடிக்க முடியாது.

திரும்ப வான் ஓடுகிறாயா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஓம், வான் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். ஆனால் பழையபடி இல்லை. பழையபடி ஓட எனக்கு விருப்பமும் இல்லை.

நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டிருப்பாய். மாசி மாதம், அறுவடை நேரம். புதுக்குடியிருப்பில் கலியாண வீடு முடிந்து இரவு திரும்பி வருகிறோம். என் வானில் பெண்களும் சின்னதுகளும். அக்காவின் இளையவன் மோட்டார் சைக்கிளில் முன்னால் வெளிக்கிட்டுவிட்டான். தருமபுரத்துக்கு இங்காலே நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு ஒரு உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் லைற் இல்லை, ஒரு சிவப்பு வில்லைகூட இல்லை. எதிரே வந்த பஸ் முழு வெளிச்சத்தையும் அடித்தபடி வந்ததாம். பெடியன் ஹெல்மெட் போட்டிருந்தான், நாடாவைக் கொழுவவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது தனியே கிடந்தது. 1990 அம்புலன்சுக்கு அடித்தோம், வந்தார்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன் முடிந்துவிட்டது. இதற்குமேல் எழுதவில்லை.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். "எப்படி நடந்தது?" முதல் ஆளுக்குச் சொன்னேன், அடுத்த ஆளுக்குச் சொன்னேன். எட்டுச் செலவுக்கு வந்தவர்களுக்கும் சொல்லவேண்டி வந்தது. அன்புள்ள சனந்தான், ஆனால் ஒவ்வொரு தரமும் நான் அந்த றோட்டுக்குப் போய் வரவேண்டியிருந்தது. கடைசியில் கொட்டிலுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டொக்டர் சொன்னார், விரும்பினால் கதைக்கலாம், ஆனால் கதைத்தால்தான் ஆறும் என்று ஒருவரை வற்புறுத்திக் கதைக்க வைப்பது நன்மையைவிடத் தீமையாகவும் போகலாமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அந்த டொக்டரிடம் போனது என் மனைவியின் வேலை. நான் போக மாட்டேன் என்றுதான் நின்றேன். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கத்து வாசலில் கால் வைத்தாலே 'விசர்' என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம் இருக்கிறதல்லவா. இவ்வளவு பார்த்த சனம் நாங்கள், ஒரு விபத்துக்குப் போய் டொக்டரா என்ற வீம்பும் இருந்தது. ஆனால் என் நிலைமை சரியில்லை, மச்சான். உழவு இயந்திரச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கும். புது நெல் மணத்தால் சோறு இறங்காது. சின்ன விசயத்துக்கும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். நித்திரை வந்தாலும் விடியப்புறம் முழிப்பு, அதற்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரு கூட்டாளி ஆறுதலுக்கென்று அரைப்போத்தலோடு வந்தான். குடித்தால் டக்கென்று கண் மூடும், ஆனால் இன்னும் கெதியாக முழிப்பு வரும், கனவும் கூடும். சாராயம் அப்படித்தான் செய்யுமாம், முதலில் அமத்திவிட்டுப் பின்னிரவு நித்திரையைக் குழப்புமாம்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் லொறிக்காரப் பெடியங்களுக்கும் உதவும். இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவனுக்கு முதல் சில கிழமைகள் இதெல்லாம் வரும். அது நோய் இல்லை, உடம்பு இன்னும் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் நின்றால், வேலைவெட்டி செய்ய விடாமல் மறித்தால், அதற்கென்று சிகிச்சை இருக்கிறது, வெட்கப்படாமல் வரவேண்டும். நடுச்சாமத்தில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள்.

வானைப் பற்றிக் கேட்டேன். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும் என்றார். அதற்காக நேரே அந்த இடத்துக்குப் போய் நிற்கவும் வேண்டாமாம். முதலில் எஞ்சின் போடாமல் சும்மா ஏறி இருந்து பார், பிறகு ஒழுங்கைக்குள் ஓடு, பிறகு சந்தி வரை, பிறகு பகலில், பக்கத்தில் ஓர் ஆளோடு அந்த றோட்டால் போ. ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு அடங்கும் வரை இருந்துவிட்டு அடுத்ததுக்குப் போ. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. மூத்தவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தேன். அந்த இடத்தைத் தாண்டிய முதல் நாள் ஸ்ரியரிங்கைப் பிடித்த பிடியில் பின்னேரம் வரை கை நொந்தது. இப்போது தாண்டும்போது மனம் ஒரு கணம் நிற்கும், வான் நிற்காது.

அக்காவைப் பற்றிக் கேட்டாய். அவள் ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்: விதி. 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், அவனுக்கு ஐந்து வயது. இதே றோட்டால்தான் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பங்கர் மாறி மாறி முள்ளிவாய்க்கால் வரை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். "செல்லுக்குத் தப்பின பிள்ளை நெல்லு மூட்டையில போய் முடிஞ்சுதே, விதி இல்லாம வேறென்ன தம்பி?" என்று அவள் கேட்டால் நான் தலையாட்டுவேன். மனதாரத்தான் ஆட்டுகிறேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவள் யாரையாவது நோகவேண்டும்: உழவு இயந்திரக்காரனை, பஸ்காரனை, மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அத்தானை, கலியாணத்துக்குப் போ என்று சொன்ன தன்னை. விதி என்று சொன்னவுடன் இவ்வளவு பேரும் தப்பிவிடுகிறார்கள். அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் அதே சொல்லை ஸ்ரியரிங்குக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒருவன் சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. "வாற விதி வந்தே தீரும்" என்று சொல்லிவிட்டு வளைவில் முந்துகிறான். மச்சான், செல் விழுந்த காலத்தில்கூட நாங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு வெட்டையில் நின்றோமா? எறிகணை குத்திக் கிளம்புகிற சத்தம் கேட்டதும் விழுந்து படுத்தோம். சோற்றுக்கு முதல் பங்கர் வெட்டினோம். எங்கே வந்து விழும் என்பது எங்கள் கையில் இல்லை, படுப்பது எங்கள் கையில் இருந்தது, அதை ஒருவரும் விதியிடம் விடவில்லை. அவ்வளவு கூர்மையாக இருந்த சனம், காப்பெற் றோட்டு வந்ததும் காதையும் கண்ணையும் கழற்றி வைத்துவிட்டது. 2002 சமாதான காலத்தில் ஏ9 றோட்டு எப்படிக் கிடந்தது, நினைவிருக்கிறதா? கிடங்குக்குள் விழுந்து எழும்பி ஓடினோம். வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. இன்று மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை அப்படியே நீட்டு றோட்டு. அந்த நீட்டே ஆளைத் தாலாட்டுகிறது.

இரவு ஓட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விடு. நீ என்னைவிடப் பெரிய சாரதிதான், ஆனாலும் கேள். டிம் லைற்றில் வடிவாகத் தெரிவது ஏறக்குறைய 40 மீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் ஓடிவிடுவாய். கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வை. அதற்குப் பிறகு வண்டி நின்று முடிய, றோட்டு காய்ந்து கிடந்தாலும், எல்லாமாக 55 மீற்றர் வேண்டும். நெல் பெட்டி தெரிகிற நேரம் பிரேக் பிடித்தாலும் நின்று முடிய உனக்கு இடம் காணாது. 50இல் போனால் 35 மீற்றரில் நிற்கலாம், லைற்றுக்குள் அடங்கிவிடும். அக்காவின் பெடியன் எந்த வேகத்தில் போனான் என்று எனக்குத் தெரியாது, கணக்குப் பார்க்கவும் போவதில்லை. ஆனால் இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுப் பார்த்த பிறகு இரவில் 50ஐத் தாண்ட என் கால் மறுக்கிறது. உன் லொறிக்கு லோட் இருந்தால் இன்னும் கூட வேண்டும், மழை என்றால் சொல்லவே தேவையில்லை. எதிரே முழு லைற் அடித்தால் அதைப் பார்க்காதே. இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறை. வெளிச்சம் போனபிறகும் சில செக்கன் கண் குருடுதான், அந்த நேரத்தில்தான் மாடு படுத்திருக்கும். சூட்டுத் தாருக்கு இரவில் மாடுகள் வந்து படுப்பது உனக்குத் தெரியாததா.

பகலில் முன்னால் போகிறவனுக்குப் பின்னால் ஓட்டாமல் இடைவெளி விடுகிறேன். அவன் ஒரு மதவைத் தாண்டியதும் ஆறுதலாக மூன்று தரம் "பிள்ளையாரே" என்பேன். மூன்றாவது முடியமுன் நான் மதவுக்கு வந்துவிட்டால் கிட்டப் போய்விட்டேன் என்று அர்த்தம். இதைக் கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் இருந்து கோரஸ் போடுகிறார்கள், பக்திப்பழம் என்று பட்டமும் வைத்தாயிற்று. கிறவல் ஒழுங்கை வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிள் வெளியே வரும் என்று நினைத்தே ஓடுகிறேன். முந்த நினைக்கிறவனுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவன் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைப் பற்றி எனக்கு ஒரு யோசனை வந்தது, சிரிக்காதே. அந்தக் காலத்துச் சாரதிகள் எவ்வளவு அவசரமென்றாலும் அங்கே நிறுத்தி, முகம் கழுவி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். களைத்த கண்ணுக்கு அதைவிட மருந்து என்ன? கொழும்பிலிருந்து இரவிரவாக வருகிற வான்கள் இப்போது ஓடிக்கொண்டே சில்லறையை எறிந்துவிட்டுப் பறக்கின்றன. விடியப்புறம் 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் நித்திரை ஆளை அமுக்கும் நேரம். நிறுத்தினால்தானே பிள்ளையாரும் காப்பாற்றலாம்.

அந்த உழவு இயந்திரக்காரன். வழக்கு நடக்கிறது, பிணையில் வந்திருக்கிறான். பக்கத்து ஊர்தான், குத்தகை வயல் செய்கிறவன். பசளைக் கடையில் ஒருநாள் நேரே நேரே சந்தித்துவிட்டோம். அவனும் நிலத்தைப் பார்த்தான், நானும் பார்த்தேன். பாதியாகிப் போனான் மனிசன். வெளியே நின்ற அவனுடைய பெட்டியில் பின்பக்கம் முழுக்க, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஒளித்தாள் ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் கோபம் வந்தது, பிறகு கோபம் இல்லாமலும் போனது, எது சரியென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன். அடுத்த அறுவடைக்கு முன் ஊரில் உள்ள எல்லாப் பெட்டிக்கும், இரண்டு சில்லு லான்ட்மாஸ்டருக்கும் ஒளித்தாள் ஒட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். அத்தான்தான் முன்னின்று செய்கிறார். அவருக்கும் கைக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வான் கேட்டு நாலைந்து குடும்பம் வந்திருக்கிறது. ஓம் என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் வெயில் இருக்கவே போய்விடுவோம், இரவு அம்மன் வாசலிலேயே தங்கி நன்றாக விடிந்த பிறகுதான் திரும்புவது. விருப்பமில்லாதவர்கள் வேறு வான் பார்க்கட்டும். அன்றிரவு றோட்டெல்லாம் நடந்து வருகிற சனமாக இருக்கும்.

நீ ஆனியில் சீமெந்து ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். பொழுதுபடமுன் வந்து சேர், இரவு இங்கே தங்கு. அக்காவிடம் கட்டாயம் போவோம். எப்படி நடந்தது என்று கேட்காதே. அவன் சின்னதில் உன் லொறியில் ஏறி ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றானே, அதைச் சொல்லு. அவனைப் பற்றி யாராவது கதைக்க மாட்டார்களா என்று அவள் காத்திருக்கிறாள், சனம் பயந்துபோய் அவன் பெயரையே எடுப்பதில்லை.

வவுனியாவில் அந்தச் சிவப்பு ஒளித்தாள் இங்கத்தையைவிட மலிவாம். இரண்டு சுருள் வாங்கி வா, காசு கையில் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி