ஒயில் எத்தினை கிலோமீற்றருக்கு மாத்திறது எண்டு முதல்ல நீங்கள் ஒரு முடிவுக்கு வாங்கோ

வாடிக்கையாளர் சேவைப் பகுதிக்கு,

வணக்கம். போன வருசம் உங்கட கிளிநொச்சி கிளையில மோட்டச்சைக்கிள் எடுத்தனான். நான் மல்லாவிப் பக்கம் பால் எடுக்கிறவன், விடிய வெள்ளன ரெண்டு பக்கமும் கானைக் கட்டிக்கொண்டு துணுக்காய், பாண்டியன்குளம், வவுனிக்குளம் எண்டு வீடு வீடாப் போய் வாறது. எடுக்கேக்கையே இதைச் சொல்லித்தான் எடுத்தனான், சேல்ஸ் தம்பியும் "அண்ணை இந்த எஞ்சின் உங்கட வேலைக்கெண்டே செஞ்சது" எண்டவர்.

முதல் சேர்விஸ் 500இல செய்தது, அதில குறை சொல்லேல. புது எஞ்சினில தேய்ஞ்சு வாற இரும்புத் தூள் ஒயிலோட கலக்கும், அதால முதல் ஒயிலை வெள்ளன மாத்தோணும் எண்டு வடிவா விளங்கப்படுத்தினவை. பிறகுதான் குழப்பம். ராங்கில ஒட்டின ஸ்ரிக்கரில அடுத்த ஒயில் 1500 கிலோமீற்றருக்குப் பிறகு எண்டு எழுதிக்கிடக்கு, சேர்விஸ் புத்தகத்தில 3000, சரி எது உண்மை எண்டு கேப்பம் எண்டு உங்கட ஹொட்லைனுக்கு அடிச்சால் அந்தப் பிள்ளை சொல்லுது சிந்தெற்றிக் எண்டுற விலை கூடின செயற்கை ஒயில் போட்டால் 5000 ஓடலாம் எண்டு. ஒரே கொம்பனி, ஒரே வண்டி, மூண்டு கணக்கு! நான் அச்சடிச்ச புத்தகத்தைத்தான் நம்பினன்.

2800 தாண்டேக்க ஹெட் பக்கம் டக்டக் எண்டு சத்தம் வந்திட்டுது. கிளைக்குக் கொண்டு போனால் கேம், அதுதான் வால்வைத் திறந்து மூடுற தண்டு, தேய்ஞ்சு போச்சாம், ஒயில் பிந்தி மாத்தினதாலயாம், வொறன்ரி இல்லையாம். 3000 எண்டு நீங்கள்தானே எழுதினியள் எண்டு கேக்க, சேர்விஸ் மனேஜர் புத்தகத்தின்ர கடைசிப் பக்கத்தைத் திருப்பி, புழுதி றோட்டிலயும் பாரம் ஏத்தியும் நிண்டு நிண்டும் ஓடுறவை பாதித் தூரத்திலயே மாத்தோணும் எண்டு பொடி எழுத்தில இங்கிலீசில கிடக்கிறதைக் காட்டுறார். வீட்ட வந்து மருமகளைக் கொண்டு வாசிப்பிச்சுப் பாத்தன், உண்மைதான், கிடக்கு. தமிழில ஒரு வரி இல்லை. வன்னியில வண்டி விக்கிறியள், இஞ்ச புழுதி, பாரம், நிண்டு ஓடுறது இல்லாத ஆள் ஆர்? சோளகம் வீசுற மாதங்களில கிறவல் றோட்டில ஒரு பஸ் முன்னால போனால் பின்னால வாறவனுக்குக் கண் தெரியாது, அந்தக் காத்தைத்தான் எஞ்சினும் இழுக்குது, எயார் பில்டரைத் தாண்டிப் போற மண் ஒயிலுக்குள்ளதான் நிக்கும், சிந்தெற்றிக் எண்டாப்போல மண் கரையுமோ?

இன்னொண்டு, கிலோமீற்றர் கணக்கே எனக்குப் பிழை எண்டு பிறகுதான் விளங்கினது. ஒரு நாளைக்கு நான் ஓடுறது 25 கிலோமீற்றர்தான், ஆனா படலைக்குப் படலை ஸ்ராட்டில விட்டுத்தான் பால் அளக்கிறது, அதால எஞ்சின் 2 மணித்தியாலம் ஓடும். 3000 வர 120 நாள், எண்டால் 240 மணித்தியாலம். ஏ9 றோட்டில மணிக்கு 50இல போறவருக்கு அதே 3000 ஓட 60 மணித்தியாலம் காணும். மீற்றரைப் பாத்தால் ரெண்டு பேரும் ஒண்டு, ஒயிலைக் கேட்டால் நான் நாலு மடங்கு! லான்ட்மாஸ்ரர் எண்டுற ரெண்டு சில்லு உழவு மிசினுக்கு எங்கட சனம் மணித்தியாலக் கணக்கிலதான் ஒயில் மாத்தும், வயலுக்குத் தெரிஞ்ச கணக்கு உங்கட கொம்பனிக்குத் தெரியாமல் போச்சே.

என்ர பக்கமும் ஒரு பிழை இருக்கு, மறைக்கேல. ஒயில் பாக்கிற கம்பியைக் கிழமைக்கு ஒருக்கா இழுத்துப் பாத்திருக்கோணும், பாக்கேல. ஆனா அப்பிடிப் பாக்கச் சொல்லி உங்கட கிளையில ஒருத்தரும் சொல்லேல. ஒயில் கறுத்திட்டுது, அதுதான் பிந்தினதுக்குச் சாட்சி எண்டு மனேஜர் சொன்னதையும் நான் ஏற்கேல. ஊத்தையைத் தன்னோட எடுத்துக்கொண்டு வாறதாலதான் ஒயில் கறுக்கிறது, நல்ல ஒயிலும் கறுக்கும் எண்டு மல்லாவி கராச் ஐயாவே சொல்லுறார். சும்மா நிறத்தைக் காட்டி வொறன்ரியை வெட்டேலாது.

இப்ப எனக்கு வேண்டியது இதுதான். வொறன்ரியைத் திருப்பிப் பாருங்கோ, உங்கட மூண்டு கணக்கில எதின்படி நான் பிழை செய்தனான் எண்டு எழுத்தில தாங்கோ. என்னை மாதிரிப் பால்காரர், மீன்காரர் எத்தினை கிலோமீற்றர் அல்லது எத்தினை மாதத்துக்கு ஒருக்கா மாத்தோணும் எண்டு ஒரே ஒரு கணக்கைத் தமிழில அடிச்சுக் கிளையில ஒட்டுங்கோ, ஸ்ரிக்கரிலயும் அதையே எழுதுங்கோ.

வண்டி இப்ப மாமரத்துக்குக் கீழ நிக்குது, பாலை ஓட்டோவில ஏத்துறன், கூலி குடுத்து மிஞ்சிற காசு பிள்ளையின்ர ரியூசனுக்கும் காணாது. 14 நாளுக்குள்ள பதில் வராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தை அனுப்புவன். ஸ்ரிக்கர், பில்லு, அந்தப் பொடி எழுத்துப் பக்கம் மூண்டின்ர போட்டோவும் இதோட வருது.

இப்படிக்கு,
மல்லாவியில இருந்து உங்கட வாடிக்கையாளர்