ஐந்தாவது எலுமிச்சம்பழம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம் பழைய கார் ஒன்று வாங்கினேன். ஏழு வயதுக் கார். சிஓஇ என்ற கார் உரிமைச் சான்றிதழ் முடிய மூன்று வருடம் பாக்கி இருந்தது. சாவி கைக்கு வந்ததும் நேரே சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வீடு திரும்பினோம். ஐந்தாவது பழம் பெட்ரோல் டாங்கிக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

வாங்கியபின் கோளாறு என்று தெரியவரும் சரக்கை ஆங்கிலக்காரர்கள் எலுமிச்சை என்பார்கள். 2012 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் சட்டத் திருத்தத்தை 'எலுமிச்சைச் சட்டம்' என்று சொல்வது அதனால்தான். நமக்குத் திருஷ்டி கழிக்கிற பழம், அவர்களுக்குத் திருஷ்டியே அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து, எண்ணெய் மாற்ற காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பட்டுக்கோட்டைத் தம்பி பானட்டைத் திறந்துகொண்டே, "அண்ணே, இந்த மாடலுக்குப் பெட்ரோல் பம்ப் ரீகால் வந்துச்சே, மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். ரீகால் என்றால், கோளாறான பாகத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே காரைத் திருப்பி அழைப்பது. நான் விழித்தேன். அன்றிரவு இணையத்தில் தேடினேன், மறுநாள் அந்த கார் கம்பெனியின் இங்குள்ள முகவரை அழைத்தேன். ரீகால் அறிவித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடிதம் பழைய உரிமையாளருக்குப் போயிருக்கிறது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் காரை விற்றுவிட்டார். அந்தப் பம்ப் பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துபோகலாமாம். அந்த எட்டு மாதத்தில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன், லாரிகளுக்கு நடுவே!

முகவர் காசு வாங்காமல் பம்பை மாற்றிக் கொடுத்துவிட்டார். என் கோபமெல்லாம் விற்ற கடைமேல்தான். "ரீகால் எல்லாம் கம்பெனி சமாச்சாரம், எங்களுக்குத் தெரியாது. அதோடு ஆறு மாதமும் தாண்டிவிட்டதே" என்றார்கள்.

இந்த ஆறு மாதக் கணக்கைப் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், கடைகளும் அதைத் திருத்துவதில்லை. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பாடு. ஆறு மாதம் போனால் உரிமை போய்விடாது, நிரூபிக்கும் சுமைதான் நம் தலைக்கு மாறுகிறது. ரீகால் என்று வந்துவிட்டால் கோளாறு தொழிற்சாலையிலேயே வந்தது என்று தயாரிப்பாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போ, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை என்றார் ஒரு நண்பர். ஆனால் பம்ப் இலவசமாக வந்துவிட்டது. பயந்ததற்கு யாரிடம் பில் வாங்கி நீட்டுவது?

அமெரிக்க மாநிலங்களில் எலுமிச்சைச் சட்டம் கார் தயாரித்தவரையே பிடிக்கும். நம் சட்டம் விற்ற கடையைத்தான் பிடிக்கிறது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி இருப்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அப்படியானால் விற்றவர் வாய் திறக்கவேண்டும் அல்லவா?

வாய் மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு போதும். அந்த நிறுவனத்தின் சில கார்களில், சாவி போடும் சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி இன்ஜினை அணைத்துவிடும். அப்போது மோதினால் காற்றுப்பையும் விரியாது. உள்ளே பத்து வருடத்துக்கு மேல் தெரிந்த கோளாறு. ரீகால் வந்ததோ 2014இல். இடையில் சுவிட்ச்சைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, பாக எண்ணைப் பழையபடியே விட்டுவைத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் வழக்குப் போட, அவர்கள் தரப்பு நிபுணர் பழைய சுவிட்ச்சையும் புதியதையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015இல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டவேண்டி வந்தது.

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பை விவகாரம் நம் தட்பவெப்பத்துக்கு இன்னும் நெருக்கமானது. பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போய், மோதும்போது அளவுக்கு மீறி வெடிக்கும். உலோகக் கூடு துண்டு துண்டாகி முகத்திலும் கழுத்திலும் பாயும். பக்கத்து மலேசியாவிலேயே உயிர்கள் போயிருக்கின்றன. 2017இல் டகாட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் தர இசைந்தது, அதே ஆண்டில் திவாலும் ஆனது. இங்கே கவனிக்கவேண்டியது காரின் வயதைத்தான். வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது. கைமாறிக் கைமாறி ரீகால் கடிதம் தொலைந்துபோவதும் அந்த வயதான கார்களில்தான்.

நல்லது ஒன்றையும் சொல்லவேண்டும். முகவர் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யாவிட்டால் உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனையை, போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின், 2017இல் பெரிய கார் முகவர்கள் கைவிட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் முகவரிடம் போகாத காரைப் பார்த்து "உங்களுக்கு ரீகால் இருக்கிறது" என்று சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சொன்னவர் பட்டுக்கோட்டைத் தம்பி. எல்லாருக்கும் அப்படி ஒரு தம்பி வாய்க்குமா?

அமெரிக்காவில் ரீகால் பாக்கியுள்ள புதுக் காரை விற்கக்கூடாது. 2016 முதல் பெரிய வாடகை நிறுவனங்கள் அத்தகைய காரை வாடகைக்கும் விடக்கூடாது. பழைய கார் கடைகளுக்கு மட்டும் அங்கேயும் அந்த நாடு தழுவிய தடை இல்லை. அந்த ஓட்டையை நாம் முந்திக்கொண்டு அடைக்கலாமே! விற்பனையையே தடுக்கச் சொல்லவில்லை. விற்பனை ஒப்பந்தத்தில், கிலோமீட்டர் கணக்குக்குப் பக்கத்தில், ரீகால் பாக்கி உண்டா இல்லையா என்று ஒரு வரி. அதைக் கடைக்காரர் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்று ஒரு கட்டாயம். நிலப் போக்குவரத்து ஆணையமும் பயனீட்டாளர் சங்கமும் இதைப் பரிசீலிக்கவேண்டும்.

போன மாதம் என் மச்சானுக்குக் கார் பார்க்க உபி வட்டாரத்தில் ஒரு கடைக்குப் போனோம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. ரீகால் பாக்கி இல்லை என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்துவிட்டு, "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை அங்கிள்" என்றார். எழுதித் தரவில்லை. மச்சான் இன்னும் எம்ஆர்டி ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்