ரவுட்டர் விஷயமாக நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோத்தகிரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாக நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. கட்டபெட்டு, அரவேனு என்று எல்லாப் பக்கமும் போய்விட்டு, கடைசியில் என் மாமியார் போனுக்கே வந்து சேர்ந்தது. "கமிஷனுக்காக விலை கூடின ரவுட்டரைத் தலையில கட்டிடறாங்க, பின்னாடி ரூம்ல நெட்டே வர்றதில்ல" என்கிறது அந்தக் குரல். யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். பல வருஷமாக நம் கடைக்கு வருகிறவர். கோபம் இல்லை. வருத்தம் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நெட் வரவில்லை என்று திட்டினால் வாங்கிக்கொள்வேன். கமிஷன் என்ற சொல்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. அதனால் கணக்கையே சொல்லிவிடுகிறேன். இணைப்பு கொடுக்கும் கம்பெனிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ரவுட்டர் விற்கிறோம், பொருத்தித் தருகிறோம். 1,500 ரூபாய் பெட்டியில் எங்களுக்கு நிற்பது 120 ரூபாய். 4,000 ரூபாய் பெட்டியில் 250. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற்றும் பார்சல் கூலியும் அதற்குள்தான். சில நாள் ஆன்லைனில் அதே பெட்டி எங்கள் கொள்முதல் விலைக்கே கிடைக்கும். அப்போதெல்லாம் "அங்கேயே வாங்கிக்குங்க, கொண்டு வாங்க, செட் பண்ணித் தர்றேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்படிக் கேட்டுப்போனவர்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்களையே சாட்சிக்கு வைக்கிறேன்.

அப்புறம், அந்தக் குரலுக்கு உரியவர் வீட்டுக்கு நான் சொன்னது விலை கூடிய ரவுட்டரே கிடையாது. வயர்.

நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? 1819-இல் மலையேறி வந்து, பக்கத்துக் கன்னேரிமுக்கில் பங்களா போட்டுத் தங்கிய கலெக்டர் சல்லிவன் துரைக்கோ, அவருக்குப் பின்னால் கல் வீடு கட்டியவர்களுக்கோ வைஃபை கவலை இருந்திருக்காது. அவர் வீட்டுக்குப் போனபோது ஜன்னல் படியில் முழங்கையை ஊன்றி அளந்து பார்த்தேன். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் ரவுட்டரைச் சொருகி வைத்திருந்தார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். பிளானில் சொன்ன நெட் வேகம் 100 எம்பிபிஎஸ். ஹாலில் 93. நடு அறையில் 41. மகன் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்க்கும் பின் அறையில் 6. இடையில் இரண்டு கல் சுவர், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு இரும்பு பீரோ. இரும்பும் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும்.

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல் 2.4-இல் 1, 6, 11 என்று மூன்றுதான். பத்து வீட்டு வைஃபை அதற்குள் முட்டிக்கொள்ள வேண்டும். இந்த நிலையில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பெட்டி வாங்கி டிவிக்குப் பின்னால் சொருகினாலும் பின் அறை மாறாது. நெட்டைக் கொண்டுபோகும் கேட் 6 வயர் 15 மீட்டர் இழுத்து, அந்த முனையில் வைஃபை தரும் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் போதும். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றார்கள். நியாயம்தான், பழைய சுவர். வேலை அப்படியே நின்றுபோனது.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆன்டெனாவைப் பற்றி, "எத்தனை கொம்பு இருக்கு?" காட்டெருமைக்கு இரண்டே கொம்புதான், அதன் பலம் நம் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்! கொம்பு கூடினால் தூரம் கூடும் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் ஏசி 1200 என்று வேகத்தைப் போட்டிருப்பதும் அப்படித்தான். ஏசி என்பது வைஃபையில் ஒரு வகை. 5-இல் 867, 2.4-இல் 300, இரண்டையும் கூட்டி ரவுண்டாக்கிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் நிற்கும். ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 நல்லதுதான், ஒரே நேரத்தில் நிறையப் பேர் இணையும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு வாங்கச் சொல்வேன். இரண்டு பழைய போன் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை.

பெட்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வயர் செருகும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையா, 1,000 வரை போகும் கிகாபிட்டா? 100 போர்ட் என்றால் எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் 95-ஐ ஒட்டி நின்றுவிடும். நம் பழைய சரக்கில் சில அந்த வகை, 200 பிளான் உள்ள ஓரிரு வீட்டுக்கும் அது போயிருக்கிறது, வித்தியாசத் தொகை கட்டி மாற்றிக்கொள்ளலாம்.

ரவுட்டரைக் குறை சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஃபைபர் வந்து நுழையும் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ரவுட்டர் மேல் தப்பில்லை. குரங்கு வயரை இழுத்திருக்கும், இல்லை மரக்கிளை விழுந்திருக்கும். லைன்மேனைக் கூப்பிட்டு ஃபைபரில் வரும் ஒளியின் பவர் எத்தனை டிபிஎம் என்று கேளுங்கள். மைனஸ் 20 பக்கம் என்றால் நிம்மதி, மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடும். அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் லேப்டாப்பை லேன் வயரில் நேராகச் செருகி, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள். வயரிலேயே வேகம் இல்லையென்றால் என்னிடம் வந்து பயனில்லை, இணைப்பு கொடுத்தவரிடம் போங்கள். வயரில் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டு நடுவில், தலை உயரத்தில் வையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இதைச் சொல்லி அனுப்பியதற்கு நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும் என்பதால் மினி யுபிஎஸ் கேட்கிறீர்கள். வரும்போது ரவுட்டர் அடாப்டர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9. மாற்றிச் செருகினால் பெட்டி ஓடாது, கெட்டும் போகலாம்.

வீட்டுக்கு வந்து பொருத்தித் தந்த நம் தம்பி, போன மாதம் கோவைக்கு வேலைக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், தடுக்க மனம் வரவில்லை. இப்போது நான் ஒருவன்தான். கூப்பிட்ட அன்றே வர முடிவதில்லை, இரண்டு மூன்று நாள் ஆகிறது, பெட்ரோல் செலவும் சேர்வதால் வருகைக் கட்டணம் 200 இனி 350.

2020-இல் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று ஊரே ரவுட்டர் கேட்டபோது, சரக்கு மேலே வராமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வைஃபையைப் பகிர்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். மழையில் நனைந்து வந்த தம்பிக்குத் துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். ஒரு வாய்ஸ் மெசேஜுக்காக அதையெல்லாம் நான் மறந்துவிட மாட்டேன். மனமார்ந்த நன்றி.

கடை காலை பத்து முதல் இரவு எட்டு வரை. மதியம் வெளி வேலைக்குப் போனால் ஷட்டர் பாதி இறக்கியிருக்கும். பக்கத்து டீக்கடையில் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்

பின்குறிப்பு: அந்த அக்காவுக்கு. உங்கள் வீட்டுக்கு அளந்து வெட்டிய 15 மீட்டர் வயர் இன்னும் மேல் அலமாரியில் சுருட்டியபடியே இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. முன் கதவு நிலையோரம் பழைய டெலிபோன் லைன் போன ஓட்டை ஒன்று இருக்கிறதே, பின் அறைக்குப் போகும் சுவரிலும் அதே லைனுக்கு ஒன்று போட்டிருப்பார்கள். பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். இருந்தால் ஒரு போன் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.